கரையும் உப்பின் குளிர்ச்சி: வெப்பவேதியியல் வரலாற்றில் ஓர் எதிர்ச்சான்று

ஆய்வுச் சுருக்கம்

உப்பு நீரில் கரையும்போது வெப்பம் வெளிப்படுவதும் உண்டு, உள்வாங்கப்படுவதும் உண்டு. இவற்றுள் இரண்டாவது நிகழ்வு பல நூற்றாண்டுகள் நீரைக் குளிர்விக்கும் கைமுறையாகவே அறியப்பட்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது அளவீட்டுக்கு உள்ளானபோது, வேதிவினையின் இயல்பு பற்றிய ஒரு பெருங்கொள்கைக்கு எதிர்ச்சான்றாக மாறியது. வினையில் வெளிப்படும் வெப்பமே வேதிநாட்டத்தின் அளவு என்பது அக்கொள்கை. அக்பர் அரண்மனையின் நீர்க்குளிர்ப்பு முறை, பாயிலின் ஆய்வு, ஹெஸ்ஸின் வெப்பக்கூட்டல் விதி, தாம்சன், பெர்த்தலோ ஆகியோரின் கோட்பாடு, அதன் மீதான மறுப்பு என்னும் வரிசையில் இவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கரைதல் வெப்பம், கலோரிமானி, வெடியுப்பு, ஹெஸ் விதி, வேதிநாட்டம், என்ட்ரோபி.

முன்னுரை

ஒரு குவளை நீரில் வெடியுப்பைக் கொட்டிக் கலக்கினால் குவளையின் புறம் சில்லிடும். அதே அளவு நீரில் நீரற்ற கால்சியம் குளோரைடை இட்டால் குவளை சூடாகும். இரண்டு உப்புகளும் எவருடைய தூண்டுதலும் இன்றித் தாமாகவே கரைகின்றன. ஒன்று வெப்பத்தை வாங்குகிறது, மற்றொன்று தருகிறது. இன்று மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் இதனை வெப்பம் கொள் மாற்றம், வெப்பம் உமிழ் மாற்றம் என்னும் இரு பெயர்களால் எளிதில் வகைப்படுத்திவிடுவார். ஆனால் இவ்வேறுபாட்டின் பொருள் விளங்குவதற்கு அறிவியல் உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

வேதியியல் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எரிதல் வெப்பத்துக்கே முதலிடம் தருகின்றன. விறகும் நிலக்கரியும் தரும் வெப்பம் நீராவிப் பொறிக் காலத்தின் பொருளியல் தேவையாக இருந்தமையால் அது இயல்பே. எனினும், எரிதல் எப்போதும் வெப்பத்தை வெளியிடுவதால், வெப்பத்திற்கும் வேதிநாட்டத்திற்கும் உள்ள உறவைச் சோதிக்க அது உதவவில்லை. அச்சோதனைக்கு இரு திசையிலும் செல்லும் ஒரு நிகழ்வு வேண்டும். உப்பின் கரைதல் அத்தகையது. அதனை மையமாக வைத்து வெப்பவேதியியலின் வளர்ச்சியைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவீட்டுக்கு முந்தைய நிலை

உப்பைக் கரைத்து நீரைக் குளிர்விக்கும் முறைக்கு இந்தியாவிலிருந்து கிடைக்கும் தெளிவான சான்றுகளுள் ஒன்று அபுல் ஃபசலின் ‘அயினி அக்பரி’. அரண்மனையின் குடிநீர்ப் பிரிவைப் பற்றிக் கூறுமிடத்தில் அந்நூல் ஒரு செய்முறையைத் தருகிறது. ஒரு சேர் நீரை உலோகக் குடுவையில் ஊற்றி வாயை மூட வேண்டும். மற்றொரு பாத்திரத்தில் ஐந்து சேர் நீருடன் இரண்டரை சேர் வெடியுப்பைச் சேர்த்து, அக்கலவைக்குள் குடுவையை ஏறத்தாழ அரை நாழிகை சுழற்றிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளிருக்கும் நீர் குளிர்ந்துவிடும். வெடிமருந்தில் நெருப்பாகும் பொருளே நீருக்குக் குளிர்ச்சி தருவதையும் அபுல் ஃபசல் சுட்டிக்காட்டுகிறார். வெடித்தலைப் பெயரிலேயே கொண்டுள்ள ‘வெடியுப்பு’ என்னும் தமிழ்ச் சொல்லைப் பயன்படுத்துவோருக்கு இம்முரண் எளிதில் புலப்படும்.

இச்செய்முறையில் காணப்படும் அளவுகளை இன்றைய தரவுகளோடு ஒப்பிடுவது பயனுள்ளது. ஐந்து சேர் நீருக்கு இரண்டரை சேர் உப்பு என்பது 100 கிராம் நீருக்கு 50 கிராம் என்னும் விகிதம். வெடியுப்பாகிய பொட்டாசியம் நைட்ரேட் 100 கிராம் நீரில் 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 46 கிராமும், 20 பாகையில் 32 கிராமும், 10 பாகையில் 21 கிராமும் கரையும். எனவே இட்ட உப்பு முழுவதும் கரைய இயலாது. கரையக் கரைய நீர் குளிர்கிறது. குளிரக் குளிரக் கரையும் அளவு சுருங்குகிறது. இரண்டும் சந்திக்கும் வெப்பநிலையில் குளிர்ச்சி நின்றுவிடும். ஒரு மோல், அதாவது 101 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் மிகுந்த நீரில் கரையும்போது சுமார் 35 கிலோஜூல் வெப்பத்தை உள்வாங்குகிறது. குடுவைக்குள் உள்ள ஒரு சேர் நீரையும் கணக்கில் சேர்த்து, 30 பாகையில் தொடங்கினால், குளிர்ச்சி 15 பாகையை ஒட்டி நிற்கும் என்று கணக்கிடலாம். செறிந்த கரைசலில் உள்வாங்கப்படும் வெப்பம் குறைவு. பாத்திரத்தின் உலோகமும் சுற்றுப்புறக் காற்றும் சிறிது வெப்பத்தைத் தரும். உப்பிலும் மாசு இருந்திருக்கும். ஆதலால் இக்கணக்கை ஓர் உச்ச எல்லையாகவே கொள்ள வேண்டும். ஆயினும், கரையக்கூடியதைவிட மிகுதியாக உப்பை இடச் சொல்லும் அவ்விகிதம், இயன்ற அளவு குளிர்ச்சியைப் பெறும் பட்டறிவிலிருந்து வந்தது எனக் கருத இடமுண்டு.

ஐரோப்பாவிலும் இம்முறை அறியப்பட்டிருந்தது. உரோமில் வாழ்ந்த மருத்துவர் பிளாசியஸ் வில்லாஃபிராங்கா, வெடியுப்பைக் கொண்டு நீரையும் திராட்சை மதுவையும் குளிர்விப்பது பற்றி 1550இல் ஒரு நூல் வெளியிட்டார். இவ்விரு சான்றுகளிலும் பொருள்களின் அளவு உண்டு. குளிர்ச்சியின் அளவு இல்லை. அதனைச் சொல்வதற்கான கருவி அப்போது தோன்றவில்லை.

குளிர்ச்சி ஒரு பொருளா?

17ஆம் நூற்றாண்டில் இந்நிகழ்வு சமையற்கட்டிலிருந்து தத்துவ விவாதத்துக்குள் நுழைந்தது. வெடியுப்பின் நுண்துகள்களே குளிர்ச்சிக்குக் காரணம் என்னும் கருத்து அன்று செல்வாக்குப் பெற்றிருந்தது. ராபர்ட் பாயில் 1665இல் வெளியிட்ட குளிர்ச்சி பற்றிய ஆய்வு நூலில் இத்தகைய விளக்கங்களை ஐயத்துடன் அணுகினார். அடுத்த ஆண்டு இலண்டன் ராயல் கழகத்தின் இதழில் அவருடைய புதிய சோதனை ஒன்று வெளிவந்தது. பனியோ பனிக்கட்டியோ வெடியுப்போ இன்றி, எந்தப் பருவத்திலும், நவச்சாரத்தை நீரில் கரைத்தே கடுங்குளிர்ச்சி உண்டாக்கலாம் என்று அதில் காட்டினார். குளிர்ச்சி வெடியுப்புக்கு மட்டுமே உரிய குணம் அன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

1724இல் ஃபாரன்ஹீட் தம் வெப்பநிலை அளவுகோலை விளக்கியபோது, அதன் சுழியத்தைப் பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகியவற்றின் கலவையால் குறித்தார். அளக்கப்பட வேண்டிய குளிர்ச்சியே அளவுகோலின் அடிப்புள்ளியாக அமைந்தது. ஆயினும் வெப்பநிலைமானி காட்டுவது வெப்பநிலையை மட்டுமே. எவ்வளவு வெப்பம் இடம்பெயர்ந்தது என்பது வேறு வினா. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக். 1760களில் அவர் வகுத்த உள்ளுறை வெப்பம், தன்வெப்பம் என்னும் கருத்துகள் இல்லாமல் கலோரிமானியைக் கற்பனை செய்யவே இயலாது.

1783இல் லவாய்சியேயும் லாப்லாசும் தங்கள் பனிக்கட்டிக் கலோரிமானியை விவரித்தனர். உள்ளே நிகழும் மாற்றம் உருக்கிய பனிக்கட்டியின் நீரை நிறுத்து, வெளிப்பட்ட வெப்பத்தை அவர்கள் கணித்தனர். ஒரு மாற்றத்தில் வெளிப்படும் வெப்பம், அதன் எதிர்மாற்றத்தில் உள்வாங்கப்படும் வெப்பத்துக்குச் சமம் என்னும் கொள்கையையும் முன்வைத்தனர். அவர்களுடைய கருவி வெப்பம் வெளிவரும் நிகழ்வுகளுக்கே நேரடியாகப் பொருந்தியது. வெப்பத்தை வாங்கும் கரைதலை அளக்க, நீரையே அளவுப்பொருளாகக் கொண்ட கலோரிமானி ஏற்றதாயிற்று.

அளவிடும் முறையும் அதன் இடர்களும்

நீர்க் கலோரிமானியின் கோட்பாடு எளியது. எடை தெரிந்த நீரை மெல்லிய சுவருடைய பாத்திரத்தில் எடுத்து, அதன் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். எடை தெரிந்த உப்பை இட்டுக் கலக்கி, வெப்பநிலை எவ்வளவு மாறியது என்று பார்க்க வேண்டும். கரைசலின் நிறை, தன்வெப்பம், வெப்பநிலை மாற்றம் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையோடு பாத்திரத்தின் பங்கையும் சேர்த்தால் வெப்பமாற்றம் கிடைக்கும்.

செயலில் இது எளிதன்று. 200 கிராம் நீரில் 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைத்தால் வெப்பநிலை சுமார் 4 பாகை குறையும். அதே எடையுள்ள கறியுப்பைக் கரைத்தால் குறைவு ஒரு பாகையைக்கூட எட்டாது. வெப்பநிலைமானியைப் பத்தில் ஒரு பாகை தவறாகப் படித்தால், முதலாவதில் ஏற்படும் பிழை நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு. இரண்டாவதிலோ பத்தில் ஒரு பங்குக்கும் மேல். உப்பு மெதுவாகக் கரைந்தால், அது கரைந்து முடிவதற்குள் அறையின் வெப்பம் பாத்திரத்துள் புகுந்துவிடும். கரைசலின் தன்வெப்பம் தூயநீரின் தன்வெப்பத்திலிருந்து வேறுபடும். அளவு மாறாத உப்பை வெவ்வேறு அளவு நீரில் கரைத்தால் வெவ்வேறு மதிப்புகள் கிடைக்கும். ஆகவே ‘இந்த உப்பின் கரைதல் வெப்பம் இவ்வளவு’ என்று மட்டும் கூறினால் போதாது. எத்தனை மோல் நீரில் என்பதையும் கூற வேண்டும்.

இவ்விடர்களுக்கு ஒவ்வொன்றாகத் தீர்வு காணப்பட்டது. சோதனையின் முதற்பாதியில் வெளியேறும் வெப்பமும் பிற்பாதியில் உட்புகும் வெப்பமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி, தொடக்க வெப்பநிலையை அறை வெப்பநிலைக்கு எதிர்ப்பக்கத்தில் அமைத்துக்கொள்ளும் உத்தி ரம்ஃபோர்டு பிரபுவினுடையது. பின்னாளில் பெர்த்தலோ, பிளாட்டினப் பாத்திரத்தை வெள்ளிப் பூச்சுள்ள கலத்தினுள்ளும், அதனை இரட்டைச் சுவருடைய நீர் உறையினுள்ளும் வைத்து வெப்பக் கசிவைக் குறைத்தார். இன்றும் கரைசல் கலோரிமானிகளைத் தரப்படுத்தப் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பே பயன்படுகிறது. அது வெப்பத்தை உள்வாங்கிக் கரைவது. ஒரு மோல் உப்பை 500 மோல் நீரில் கரைக்கையில் உள்வாங்கப்படும் வெப்பம் சுமார் 17.6 கிலோஜூல்.

ஹெஸ்: கூட்டுத்தொகையின் நிலைபேறு

அளவீடுகளை விதியாக்கியவர் ஜெர்மைன் ஆன்றி ஹெஸ். 1802இல் ஜெனீவாவில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே ரஷ்யாவுக்குச் சென்று, மருத்துவம் பயின்று, பின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேதியியலாளராக விளங்கியவர். கந்தக அமிலத்தை வெவ்வேறு அளவு நீருடன் முதலில் கலந்து, பிறகு அம்மோனியாவால் நடுநிலையாக்கி, ஒவ்வொரு படியிலும் வெளிப்பட்ட வெப்பத்தை அவர் அளந்தார். அவர் கையாண்ட அலகில், நீர்த்தல் மிகக் குறைந்த அமிலம் நடுநிலையாக்கலில் 595.8 தந்தது. சற்று நீர்த்த அமிலம் நடுநிலையாக்கலில் 518.9, நீர்த்தலில் 77.8 என மொத்தம் 596.7 தந்தது. அடுத்த இரண்டின் கூட்டுத்தொகைகள் 597.2, 601.8. பகுதிகள் பெரிதும் மாறின. கூட்டுத்தொகை நூற்றுக்கு ஒரு பங்கு அளவே மாறியது. எவ்வழியில் சென்றாலும் மொத்த வெப்பம் ஒன்றே என்று 1840இல் அவர் முடிவு கூறினார். ஆற்றல் அழியாமை விதி பரவலாக ஏற்கப்படுவதற்கு முன்பே இது கூறப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்விதி, நேரில் அளக்க இயலாதவற்றையும் அளக்கும் வழியைத் திறந்தது. நீரற்ற தாமிர சல்பேட் வெள்ளைத் தூள். அது ஐந்து மூலக்கூறு நீருடன் கூடி நீலப் படிகமாகும்போது வெளிப்படும் வெப்பத்தை நேரில் அளப்பது அரிது. சரியாக ஐந்து மூலக்கூறு நீரைச் சேர்த்து, அது தூள் முழுவதிலும் சீராகப் பரவக் காத்திருக்க இயலாது. ஆனால் இரண்டையும் தனித்தனியே மிகுந்த நீரில் கரைத்து அளக்கலாம். வெள்ளைத் தூள் ஒரு மோலுக்குச் சுமார் 66 கிலோஜூல் வெளியிடும்; நீலப் படிகம் சுமார் 12 கிலோஜூல் உள்வாங்கும். இறுதிக் கரைசல் ஒன்றே ஆதலால், இடைப்பட்ட நீரேற்றத்தின் வெப்பம் இவற்றின் வேறுபாடாகிய 78 கிலோஜூல். மேல்நிலை வகுப்புகளில் இன்றும் இடம்பெறும் இக்கணக்கு, ஹெஸ் விதியின் நேரடிப் பயன்.

1842இல் ஹெஸ் மற்றொன்றையும் கண்டார். நடுநிலையான இரு உப்புக் கரைசல்களைக் கலந்தால், வீழ்படிவு தோன்றாதவரை, வெப்பமாற்றம் ஏறத்தாழ இல்லை. உப்புகள் தம் கூறுகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்கின்றன என்றால் ஏன் வெப்பம் தோன்றவில்லை? இதற்கு விடை 1887இல் அர்ரீனியசின் அயனிக் கொள்கை வழி கிடைத்தது. கரைசலில் அயனிகள் முன்பே பிரிந்திருக்கின்றன. எனவே புதிதாக மாறுவதற்கு எதுவும் இல்லை.

வெப்பமே நாட்டத்தின் அளவு என்னும் கொள்கை

இரு பொருள்கள் ஏன் வினைபுரிகின்றன என்பது வேதியியலின் பழைய வினா. அவற்றுக்கிடையே உள்ள நாட்டமே காரணம் என்றனர். ஆனால் அந்நாட்டத்தை அளக்க வழியில்லை. கலோரிமானி அவ்வழியைத் தரும் என்னும் நம்பிக்கை ஹெஸ்ஸிடமே இருந்தது. கோபன்ஹேகனில் பணியாற்றிய யூலியஸ் தாம்சன் 1850களில் இதனைக் கொள்கையாக்கினார். முற்றிலும் வேதித்தன்மை கொண்ட ஒவ்வொரு வினையும் வெப்பத்தை வெளியிடும் என்பது அவர் கருத்து. பாரிசில் மார்செலின் பெர்த்தலோ இதனைப் பெரும வேலைத் தத்துவம் என விரிவுபடுத்தி, 1879இல் வெளிவந்த தம் வேதி இயக்கவியல் நூலில் நிறுவ முயன்றார். புறத்திலிருந்து ஆற்றல் புகாத நிலையில், மிகுதியான வெப்பத்தை வெளியிடும் விளைபொருள்கள் தோன்றும் திசையிலேயே வினை செல்லும் என்றார் அவர். இருவருக்கும் முன்னுரிமைப் பூசலும் எழுந்தது. அதனிடையே இருவரும் பல்லாயிரம் அளவீடுகளைக் குவித்தனர். தாம்சனின் வெப்பவேதியியல் ஆய்வுகள் 1882 முதல் 1886 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தன.

அக்கொள்கை பெரும்பாலான வினைகளில் சரியாகவே தோன்றியது. உடன்படாதவற்றுள் முதன்மையானது வெடியுப்பும் நவச்சாரமும் குளிர்ந்துகொண்டே கரைவது. இதற்குப் பெர்த்தலோ தரப்பின் விடை, கரைதல் வேதிமாற்றம் அன்று, இயற்பியல் மாற்றம் என்பது. படிகம் சிதைவதும் துகள்கள் பரவுவதும் புறவெப்பத்தின் செயல். அவற்றைக் கழித்துவிட்டால் தத்துவம் நிலைக்கும் என்றனர்.

இவ்விடையின் குறைபாடு எளிதில் விளங்கும். நீரற்ற தாமிர சல்பேட் வெப்பத்தை வெளியிட்டுக் கரையும்போது அதனை வேதிக்கூட்டுறவு என ஏற்பதும், நீலப் படிகம் வெப்பத்தை வாங்கிக் கரையும்போது அதனை வெறும் இயற்பியல் மாற்றம் என ஒதுக்குவதும் கொள்கைக்கு உகந்ததைத் தெரிந்தெடுப்பதாகும். எது வேதிமாற்றம் என்பதை வெப்பத்தின் திசையே தீர்மானிக்குமானால், ‘வேதிமாற்றம் வெப்பம் தரும்’ என்னும் கூற்று சோதனைக்கு உட்படாத ஒன்றாகிவிடும். அளவீடுகள் பிழையற்றவை, அவற்றைப் பொருள்கொண்ட முறைதான் தவறியது.

மறுப்பும் அதன் விலையும்

மாற்றுவிளக்கம் வெப்ப இயக்கவியலிலிருந்து வந்தது. ஹார்ஸ்ட்மன் 1873இல் என்ட்ரோபிக் கருத்தை வேதிச் சிதைவுகளுக்குப் பொருத்திக் காட்டினார். கிப்ஸ் 1876 முதல் 1878 வரை வெளியிட்ட நீண்ட ஆய்வில் சமநிலைக்கான பொது நிபந்தனைகளை வகுத்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1882இல் மொத்த ஆற்றலிலிருந்து கட்டிலா ஆற்றலைப் பிரித்துக் காட்டினார். ஒரு மாற்றம் தானே நிகழுமா என்பதை முடிவு செய்வது வெப்பம் மட்டுமன்று. வெப்பமும் என்ட்ரோபியும் சேர்ந்த கட்டிலா ஆற்றலே. ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகம் குலைந்து நீரெங்கும் பரவுகையில் என்ட்ரோபி மிகுகிறது. அம்மிகுதி போதிய அளவு இருந்தால், வெப்பத்தை உள்வாங்கியும் உப்பு கரையும்.

1884இல் வான்ட் ஹாஃபும் லெ ஷாட்லியேயும் வகுத்த கருத்துகள் மற்றொரு தொடர்பையும் விளக்கின. வெப்பத்தை வாங்கிக் கரையும் உப்பு, சூடான நீரில் மிகுதியாகக் கரைய வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் 100 கிராம் நீரில் 0 பாகையில் சுமார் 13 கிராமும், 100 பாகையில் 240 கிராமுக்கு மேலும் கரைகிறது. கரைதல் வெப்பம் மிகச் சிறிதாகிய கறியுப்போ ஏறத்தாழ 36 கிராமிலிருந்து 39 கிராமாக மட்டுமே உயர்கிறது. கலோரிமானியின் வாசிப்பும் கரைதிறன் அட்டவணையும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள் என்பது இதனால் புலனாயிற்று.

அதே 1884ஆம் ஆண்டில் பாரிசில் பியேர் துயெம் என்னும் இளம் ஆய்வாளர், வெப்ப இயக்க நிலையாற்றல் பற்றிய தம் முனைவர்பட்ட ஆய்வேட்டை அளித்தார். வினையின் திசையை முடிவு செய்வது வெப்பம் அன்று, அந்நிலையாற்றலே என்பது அதன் வாதம். பெர்த்தலோவின் தத்துவத்தை அது நேரடியாக மறுத்தது. ஆய்வேடு ஏற்கப்படவில்லை. 1886இல் அதனை அவர் நூலாக வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியில் பெர்த்தலோ பிரான்சின் கல்வி அமைச்சராகப் பொறுப்பேற்றார். துயெம் காந்தவியலில் வேறோர் ஆய்வேடு எழுதி 1888இல் பட்டம் பெற்றார். லில், ரென், போர்தோ ஆகிய நகரங்களில் பணியாற்றி 1916இல் மறைந்த அவருக்குப் பாரிசில் பேராசிரியர் இருக்கை கிடைக்கவேயில்லை. ஒரு கருத்து சரியாக இருப்பது வேறு. அது ஏற்கப்படுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் சில வேளைகளில் ஒருவரின் பணிவாழ்வு முழுவதையும் விழுங்கிவிடுகிறது.

பெர்த்தலோவின் தத்துவத்தை முற்றிலும் பொய் என ஒதுக்குவதும் பொருந்தாது. என்ட்ரோபியின் பங்கு வெப்பநிலையோடு சேர்ந்தே வளர்வதால், தாழ்ந்த வெப்பநிலைகளில் அத்தத்துவம் உண்மையை நெருங்குகிறது. 1906இல் நெர்ன்ஸ்ட் முன்வைத்த வெப்பத் தேற்றம் தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டிய நிலையில் அதற்குரிய இடத்தை வரையறுத்தது. சாதாரண வெப்பநிலையில் திண்மங்கள் பங்குபெறும் பல வினைகளில் அது சரியாகத் தோன்றியதற்கும் இதுவே காரணம்.

சிறிய எண்ணின் பின்னுள்ள பெரிய எண்கள்

கரைதல் வெப்பம் ஓர் உப்புக்கு நேர்க்குறியிலும் மற்றோர் உப்புக்கு எதிர்க்குறியிலும் அமைவதன் காரணம் 1919இல் விளங்கியது. பார்ன், ஃபஜான்ஸ், ஹேபர் ஆகியோர் படிகக்கூடு ஆற்றலையும் நீரேற்ற ஆற்றலையும் வெப்பச் சுழற்சிகளின் வழியே இணைத்தனர். கறியுப்பின் ஒரு மோல் படிகத்தை முழுதும் தனித்தனி அயனிகளாகப் பிரிக்கச் சுமார் 787 கிலோஜூல் வேண்டும். அவ்வயனிகளை நீர் சூழும்போது ஏறத்தாழ அதே அளவு வெப்பம் திரும்பக் கிடைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 4 கிலோஜூல் மட்டுமே. கலோரிமானியில் நாம் காண்பது இரு பேராற்றல்களின் மீதியை. அம்மீதி எப்பக்கம் சாய்கிறதோ அதற்கேற்பக் குவளை சூடாகும் அல்லது குளிரும். அம்மோனியம் நைட்ரேட்டில் அது மோலுக்குச் சுமார் 26 கிலோஜூல் உள்வாங்கும் பக்கம் சாய்கிறது. விளையாட்டுக் களங்களில் சுளுக்குக்கு வைக்கும் உடனடிக் குளிர்பைகள் இதனால் இயங்குகின்றன. நீரற்ற கால்சியம் குளோரைடில் சுமார் 81 கிலோஜூல் வெளியிடும் பக்கம் சாய்கிறது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவதாக, உப்பின் கரைதலால் நேரும் குளிர்ச்சி அறிவியலுக்கு முன்பே கைமுறை அறிவாக நிலைபெற்றிருந்தது. அக்பர் அரண்மனைச் செய்முறையின் விகிதம் கரைதிறனின் எல்லையோடு பொருந்திவருகிறது. இரண்டாவதாக, கரைதலையும் நீர்த்தலையும் படிப்படியாக அளந்ததே வெப்பக்கூட்டல் விதிக்கு வழிவகுத்தது. மூன்றாவதாக, அவ்விதியை எழுப்பிய அதே அளவீடுகள், வெப்பமே வேதிநாட்டத்தின் அளவு என்னும் கொள்கையைத் தகர்க்கும் சான்றாகவும் அமைந்தன.

வெடியுப்பு கரைந்து நீர் குளிர்வதை அறியாத வேதியியலாளர் 19ஆம் நூற்றாண்டில் எவரும் இல்லை. அறிந்திருந்தும் அதனை விதிவிலக்கு என்று ஒதுக்கினர். விதிவிலக்கு எனப்பட்டதை விதியின் சோதனையாகக் கொண்டபோதுதான் வெப்பவேதியியல் வெப்ப இயக்கவியலோடு இணைந்தது. பள்ளி ஆய்வகத்தில் மாணவர் குறிக்கும் நான்கு பாகை வீழ்ச்சிக்குப் பின்னால் இவ்வரலாறு உள்ளது. அதனைச் சேர்த்துக் கற்பித்தால், எதிர்ச்சான்றை எவ்வாறு மதிக்க வேண்டும் என்பதையும் அச்சோதனை கற்பிக்கும்.